அழவில்லை, சிரித்தேன்

உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். இளைஞர் மன்றத்துச் செயலாளர் வந்து வாசலில் நின்றார். செயலாளர் என்றால் பெரிய ஆள் ஒன்றும் இல்லை, செல்போன் கடை வைத்திருக்கிற பிள்ளைதான். பாத வெடிப்பில் நல்ல தண்ணீர் இறங்கி எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் யார் வந்தாலும் எனக்குப் பிடிக்காது. சீக்கிரம் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆயா, கோடை விழாவுல இந்த வருசம் ராப் பேட்டில் வெக்கிறோம். நீங்க ஜட்ஜா வந்து உக்காரணும்."

நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறவள். ஆள் மாறி வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதேப்பா."

"தெரிய வேணாம் ஆயா. ரெண்டு பக்கமும் சொந்தம் இல்லாத ஆளா ஒருத்தர் வேணும், அவ்ளோதான். போன வருசம் பாட்டுப் போட்டியில சேர் பறந்துச்சே, பாத்தீங்கல்ல. நம்ம தெருவுல யாரை உக்கார வெச்சாலும் மீன்காரக் குப்பத்துக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. குப்பத்துல யாரை வெச்சாலும் நம்மாளுங்க ஒத்துக்க மாட்டாங்க. ஊரு பூரா யோசிச்சுப் பாத்துட்டோம். யாருமே இல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அதை அவர் ஒரு பெருமை போலத்தான் சொன்னார். நானும் கோபப்படவில்லை. உண்மைதானே. பெருமுக்கல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்தக் கரைக்கு வந்தேன். பிள்ளை பிறக்கவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். கொழுந்தனார் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர், பிறகு கல்யாணப் பத்திரிகை அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டார். முடியாது என்று சொல்வதற்கும் நாலு வார்த்தை பேச வேண்டும். பேச அலுப்பாக இருந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ராப் பேட்டில் என்றால் என்ன என்று மறுநாள் ஷேர் ஆட்டோவில் வரும் பெண்ணிடம் கேட்டேன். உப்பு வாரப் போகிற எங்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போகிற ஆட்டோ அது. அந்தப் பெண் எங்கள் தெரு, பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்களோடு கூடை தூக்க வந்தவள். போனில் எதையாவது முணுமுணுத்துப் பதிந்துகொண்டே வருவாள்.

"திட்டறதுதான் பெரியம்மா. ஆனா தாளத்துல திட்டணும். ஒருத்தர் மாத்தி ஒருத்தர். அடிக்கக் கூடாது."

"யாரு திட்டுறாங்க?"

"நானும்தான்." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "எதுக்கு கேக்குறீங்க?"

என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஆட்டோவில் இருந்த பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் சிரிப்பு அப்படித்தான். சித்திரை வெயிலிலும் உப்புக் காற்றிலும் உதடு வெடித்துக் கிடக்கும். வாய்விட்டுச் சிரித்தால் கிழிந்து ரத்தம் வந்துவிடும். அதனால் வாயைத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோளாலேயே சிரித்துக்கொள்வோம். சத்தம் வராது.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஆளை ஏற்ற ஆட்டோ நின்றதும் இறங்கி, முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"போட்டி முடியற வரைக்கும் நான் உங்ககிட்ட பேச மாட்டேன் பெரியம்மா. அப்புறம் யாராவது ஒண்ணு சொல்லுவாங்க."

அவளுக்கு அந்தப் போட்டியில் என்ன இருந்தது என்பது ஆட்டோ முழுவதற்கும் தெரியும். அவளுடைய அண்ணன் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். தங்கச்சி மைக் பிடித்துக் கத்துவது அவருக்கு ஆகாது. கெட்டவர் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். முதல் நாள் சாயங்காலம் தெருவே கேட்கிற மாதிரி முடிவாகச் சொல்லியிருந்தார். "இந்த ஒரு தபா பாடு. ஜெயிச்சா பாண்டிச்சேரியில பெரிய போட்டி நடக்குதாமே, அதுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். தோத்தியா, போனை என் கையில குடுத்துட்டு, பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு காபி ஆத்திக்கிட்டு இரு."

விழா உப்புக் கிடங்கு பக்கத்து மைதானத்தில், வெயில் தாழ்ந்த பிறகு. பக்கப் பலகையை இறக்கிவிட்ட லாரிதான் மேடை. அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி மூன்று. இடப்பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். வலப்பக்கம் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர். நடுவில் நான். என் கால் தரையில் சரியாகப் படவில்லை. முதுகுக்குப் பின்னால் உப்பளத் தெரு ஒரு பக்கம், குப்பம் ஒரு பக்கம். அத்தனை கண்ணும் என் பிடரியில் இருப்பது போல் கூசியது. எப்போது முடியும், எப்போது வீட்டுக்குப் போய்ப் பாயை விரிப்போம் என்றிருந்தது.

இரண்டாவது ஜோடி பாடி இறங்கினதுமே பக்கத்திலிருந்த இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. ஒரு பிளம்பர் பிள்ளை எதிராளியின் தொப்பையைப் பற்றியே பாடினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிராளி நன்றாகக் கட்டிப் பாடினான், யாரும் சிரிக்கவில்லை.

"தொப்பை, தொப்பை, தொப்பைன்னு நாலு வாட்டி சொன்னான். அது பாட்டா?" என்றார் வாத்தியார். "மத்தவன் பாருங்க, ஒரு அடியில எடுத்த ஓசைய நாலாவது அடியில கொண்டாந்து முடிச்சான். அதுக்கு மார்க் இல்லியா?"

"சார், கீழ நிக்கிறவன் கையில டிக்ஷனரி வெச்சிக்கிட்டா நிக்கிறான்?" ஸ்பீக்கர்காரர் என் தலைக்கு மேலே எட்டிப் பேசினார். "இது பேட்டில். ஜனம் சிரிச்சா எதிராளி செத்தான். நான் முப்பது வருசமா மேடை பாக்குறேன்."

"ஜனம் கொரங்கு வித்தைக்கும்தான் சிரிக்கும்."

"கொரங்குக்கு வித்தை சொல்லிக் குடுத்துப் பாருங்க சார், அப்ப தெரியும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இவர் சொன்னதும் சரியாகப் பட்டது, அவர் சொன்னதும் சரியாகப் பட்டது. தொப்பைக்கு நானும் உள்ளுக்குள் சிரித்திருந்தேன். வாயைத் திறக்காமல் பிளம்பரைக் கையால் காட்டினேன். அதற்கு வாத்தியார் ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த ஜோடிக்கு அவர் காட்டின பக்கம் நானும் காட்டினேன். அதற்கு ஸ்பீக்கர்காரர் பெருமூச்சு விட்டார். இப்படியே போய்க் கடைசி ஜோடி வந்தது. குப்பத்திலிருந்து ஐஸ் வண்டி ஓட்டுகிற இளைஞன். எங்கள் தெருவிலிருந்து அந்தப் பெண். ஆளுக்கு இரண்டு சுற்று.

ஐஸ் வண்டிக்காரனை எனக்குத் தெரியும். விடியற்காலையில் படகு வருகிற நேரத்துக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிறவன், என் வீட்டுச் சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிப்பான். அவன் வாயைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிடுகிறது. "உப்பளத்துப் பொண்ணுக்குப் பவுடர் செலவே இல்லடா, காத்தைப் பாத்து நின்னா போதும்" என்று ஆரம்பித்தான். குப்பத்துப் பக்கம் விசில் பறந்தது. அவள் முதல் சுற்றில் ஐஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். ஐஸும் உருகுகிறது, இவன் வாங்குகிற பேரும் உருகுகிறது என்று ஏதோ அடுக்கினாள். வாத்தியார் தொடையைத் தட்டினார். கூட்டத்தில் சத்தம் இல்லை. மேடை ஓரத்தில் நின்றிருந்த அவள் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில் அவன் அவளை விட்டுவிட்டான். மைக்கோடு மேடை ஓரத்துக்கு வந்து என்னைக் கை காட்டினான்.

"மேடையில பேசச் சொன்னா ஆயா முந்தானையக் கடிக்கும்,
விடியக்காலம் சேவலோட ராப் பேட்டில் நடக்கும்;
ஒரு வார்த்தை இது சொன்னா ஒம்போது அது அடிக்கும்,
தினம் தினம் பேட்டில் நடக்கும், சேவலுதான் ஜெயிக்கும்."

அது உண்மை. பக்கத்து வீட்டுச் சேவல் விடிவதற்கு முன்னால் என் வாசல் கல்லில் ஏறி நின்றுகொண்டு கத்தும். நான் எழுந்து வந்து திட்டுவேன். உனக்கு வேறு வீடு கிடைக்கவில்லையா, உன் பொண்டாட்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் இருக்க இங்கே என்ன வேலை என்று கேட்பேன். அது தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மறுபடி கத்தும். யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். சந்து முனையில் டீ குடித்துக்கொண்டு ஒருவன் கேட்டிருக்கிறான். கேட்டதோடு, சேவல்தான் ஜெயிக்கிறது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக் குனிந்துகொண்டேன். தோள் குலுங்கியது. கீழ் உதடு கிழிந்து, உப்பு ஏறின துணி பட்டு எரிந்ததில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துணியை எடுத்துப் பார்த்தேன், ரத்தம்.

எங்கள் பக்கம் கேலி பண்ண முறை வேண்டும். மாமன் மச்சான், கொழுந்தன் நாத்தனார், அத்தை வீட்டுப் பிள்ளைகள், இவர்கள்தான் கிண்டல் பண்ணலாம். எனக்கு அந்த முறையில் ஊரில் ஒருவரும் இல்லை. ஆயா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், அது வயசுக்கு. பாவம் என்று நினைக்கிறவர்களைக் கிண்டல் பண்ண மாட்டார்கள். என் கல்யாணத்தன்று கொழுந்தனார் என் மூக்கைப் பற்றி ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அழுகையாக வந்தது. அவர் ஊரை விட்டுப் போன பிறகு என்னைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொன்னதில்லை. அத்தனை வருஷம் கழித்து, அத்தனை பேர் நடுவில், முறையே இல்லாத ஒருவன் சொல்லிவிட்டான்.

நிமிர்ந்தபோது, சேவலுக்குச் சிரித்த மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை.

"ஆயா அழுவுதுடா," என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

"வாயக் கடிச்சிக்கிச்சு பாரு, ரத்தம்."

"யாரும் இல்லாத பொம்பளையப் போயி இப்படிப் பேசலாமா? டேய், இறங்குடா கீழ."

எங்கள் ஆட்டோப் பெண்களைப் பார்த்தேன். அவர்களுக்காவது தெரியும் என்று நினைத்தேன். அவர்களும் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இப்படிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து அவர்களும் பார்த்ததில்லையே. ஐஸ் வண்டிக்காரன் மைக்கைப் போட்டுவிட்டுக் குதித்து வந்து என் காலைத் தொட்டான். முகம் வெளுத்திருந்தது.

"சும்மா ஜாலிக்குத்தான் ஆயா. தப்பா எடுத்துக்காதீங்க. மன்னிச்சிடுங்க."

"இல்லப்பா," என்றேன். அந்தச் சலசலப்பில் அதுகூட அவனுக்குக் கேட்டிருக்காது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கடைசிச் சுற்று. யாரும் மேடையைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் அவனைத் திட்டிக்கொண்டும், பாதிப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் கீழே கிடந்த மைக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். பாடினாள்.

"மீனு வேணும்னு கடலுக்குள்ள போயி நீ கெஞ்சுற;
வாய்க்கா வெட்டி வாடின்னோம், கடலு எங்க வரப்புல கொஞ்சுது;
பாத்தியில உக்கார வெச்சோம், பகலெல்லாம் வெயிலு மிஞ்சுது;
தண்ணிய வெயிலு தின்னுட்டுப் போச்சு, எங்க காலத் தின்ன உப்பு எஞ்சுது."

சேலைக்குள் என் பாதத்தை இழுத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் அந்தப் பாத்தியில் நின்றிருக்கிறேன். உப்பு நம் காலைத் தின்கிறது என்று எல்லோரும் சொல்வோம், அலுப்பில் சொல்கிற பேச்சு அது. கடலைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

கைதட்டல் இல்லை. வாத்தியார் மட்டும் "ஆகா" என்றார், தனக்குள்.

தீர்ப்பு கேட்டார்கள். வாத்தியார் யோசிக்காமல் "பொண்ணு" என்றார். ஸ்பீக்கர்காரர் எழுந்து நின்றார். "நான் அவனுக்குத்தான் குடுப்பேன். இப்ப எல்லாரும் யோக்கியன் மாதிரி நிக்கிறீங்க. சேவல்னு சொன்னப்ப சிரிச்சீங்களா இல்லியா? நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு இல்லைன்னு சொல்ல மாட்டேன்." எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அப்புறம் மைக் என் வாய்க்கு முன்னால் வந்துவிட்டது. என் மூச்சே ஊர் முழுக்கக் கேட்டது. அவள் மேடையிலிருந்து என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். "நான் அழல. சிரிச்சேன்."

மைதானமே கைதட்டியது. "பெரிய மனசு ஆயாவுக்கு" என்றார் செயலாளர், இன்னொரு மைக்கில். "அவ்ளோ புண்பட்டும் விட்டுக் குடுக்கறாங்க பாருங்க." நான் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். கைதட்டல் ஓயவில்லை.

ஓய்ந்ததும், "அந்தப் பொண்ணு" என்றேன்.

எங்கள் தெரு எழுந்து ஆடியது. குப்பத்துப் பக்கத்திலிருந்து ஒருவர், "கெழவிக்கு ரோசம், அதான் மாத்திக் குடுத்துடுச்சு" என்றார். ஆனால் நாற்காலி எதுவும் பறக்கவில்லை. என்னை உட்கார வைத்தது வீண்போகவில்லை என்று மன்றத்துப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த சில நாட்கள் எனக்குச் சங்கடமாக இருந்தது. தெருவில் போனால் எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஐஸ் வண்டிக்காரன் சந்து முனையில் வண்டியை நிறுத்துவதை விட்டுவிட்டான். எதிரில் பார்த்தால் "வணக்கம்மா" என்று கை கூப்பினான். ஒரு நாள் வழியில் நிறுத்தி, "அந்தப் பாட்டை இன்னொரு தபா சொல்லேன்பா" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். "அய்யோ, அதை மறந்துடுங்கம்மா" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்து வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே போனாள். அவள் சேவலால்தானே எனக்கு அவமானம் என்று ஞாயிற்றுக்கிழமை அதை அறுத்துவிட்டாள். மத்தியானம் ஒரு கிண்ணத்தில் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லக்கா" என்றாள். என்ன சொல்ல முடியும்? சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலை விழிப்பு வந்து, வாசலுக்குப் போய், சும்மா நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

அந்தப் பெண் மறுபடி ஆட்டோவில் பின்னால் என் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். ஆனால் பேசவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஜெயித்தவள் முகமாக இல்லை. பாண்டிச்சேரிக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"பெரியம்மா, நீங்க அழுததுனாலதான எனக்குக் குடுத்தீங்க? அவன் மேல கோவத்துல?"

"அழல."

"எல்லாரும் பாத்தாங்களே. எங்க அண்ணனே சொல்றாரு, ஆயா அழுததுல நீ ஜெயிச்சேன்னு. கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு, ஆனா அதையும் சொல்லிக் காட்டுறாரு. என் பாட்டை யாருமே கேக்கல."

எனக்கு அலுப்பாக இருந்தது. எத்தனை பேருக்கு இதையே சொல்வது என்றிருந்தது. ஆனால் இவளுக்குச் சொல்லாமல் விட முடியாது. மற்றப் பெண்கள் கேட்கிறார்களே என்ற கூச்சத்தோடு, முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், மீனு வேணும்னு கடலுக்குள்ள என்று. மூன்றாவது வரியில் தடுக்கியது. அவள் எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தாள். நானே பிடித்துக் கடைசி வரை சொல்லி முடித்தேன்.

"ஒரு தபாதான பாடினேன்," என்றாள்.

"ஆமா."

"அப்ப சேவல் பாட்டு?"

அதையும் சொன்னேன். அது தடுக்கவே இல்லை. சொல்லும்போதே எனக்குத் தோள் குலுங்கியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு என்று அப்போதுதான் நம்பினாள் போலிருக்கிறது.

"இவ்ளோ புடிச்சிருக்கு. அப்புறம் ஏன் அவனுக்குக் குடுக்கல?"

"அது என்னைப் பத்தினது. அந்த நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்திருந்தா எனக்கு அவ்ளோ சிரிப்பு வந்திருக்காது. நீ பாடினது யாரு உக்காந்திருந்தாலும் அதேதான்." இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. அதற்குள் உப்பளம் வந்துவிட்டது.

பாண்டிச்சேரியில் அவள் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டாள். வரி நன்றாக இருக்கிறது, சிரிப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பும் வழியில் திண்டிவனம் ரோட்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்தபோது அண்ணன், "அங்க கேட்டவங்களாவது முழுசாக் கேட்டாங்க" என்று மட்டும் சொன்னாராம். போனைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆட்டோவில் ஏறினதும் போனை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் முணுமுணுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு சொல்லுவேன். கோச்சிக்கக் கூடாது."

"சொல்லு."

"பெரியம்மான்னா இதைச் சொல்ல முடியாது. அதனால இனிமே நீங்க எனக்கு அத்தை."

நான் பதில் சொல்வதற்குள் விரலால் போன் மேல் தாளம் தட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தினம் தினம் தோத்த அத்தை தீராத பகைய முடிச்சாங்க;
ஜெயிச்ச சேவலக் கிண்ணத்துல போட்டு எலும்பு வரைக்கும் கடிச்சாங்க."

ஆறி வந்த உதடு மறுபடி கிழிந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. முன்னால் இருந்த ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"யாரும்மா அது, அந்தம்மாவ திரும்பவும் அழ வெச்சது?" என்று கேட்டார்.